வெள்ளியங்கிரி ஆண்டி சுனைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

மேட்டுவாசல் (இழையைத் தொடங்கியவர்)
மார்ச் 4, இரவு 9:40

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு 64 வயது. இளவயதில் வருசம் தவறாமல் கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறியவர். கடைசியாக ஏறியது 2009-இல், என் கல்யாணத்துக்கு முந்தின வருசம். இப்போது மறுபடியும் ஏறியே ஆகணும் என்று ஒரே பிடிவாதம். காரணம் கேட்டால் சாமியைச் சொல்வதில்லை. "ஆண்டி சுனைத் தண்ணி ஒரு வாய் குடிக்கோணும், அவ்வளவுதான்" என்கிறார். வீட்டில் ஆர்ஓ வைத்த நாளிலிருந்து அதைச் செத்த தண்ணி என்றுதான் சொல்லுவார்.

மனைவிக்குப் பயம். போன வருசம் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. சர்க்கரை இல்லை. பிரஷர் மாத்திரை போடுகிறார்.

ஏறலாமா என்பது ஒரு கேள்வி. சுனைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா என்பது இன்னொன்று. சமீபத்தில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தடிக்கம்பு
மார்ச் 4, இரவு 10:05

27 தடவை ஏறியிருக்கிறேன். பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, ஆண்டி சுனை மூன்றிலும் வயிறு முட்டக் குடித்திருக்கிறேன். ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அத்தனையும் மூலிகை வேர் வழியாக வருகிற தண்ணீர். கவலைப்படாமல் கூட்டிக்கொண்டு போங்கள். சிவ சிவ.

லேப்சீனி
மார்ச் 4, இரவு 10:31

27 வருசம் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டியவரும் இப்படித்தான் சொல்லுவார்.

தடிக்கம்பு
மார்ச் 4, இரவு 10:33

ஆரம்பிச்சாச்சு.

நொய்யல்காரன்
மார்ச் 5, காலை 6:50

போன வாரம்தான் போய் வந்தேன். கூட்டம் அதிகமில்லை. இருட்டில் பத்து மணிக்கு ஏற ஆரம்பித்து விடியற்காலை ஏழாவது மலை. முதல் மலை செங்குத்துப் படி, அதிலேயே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. வெள்ளை விநாயகர் கோயில் வந்தால் முதல் மலை முடிந்தது. அப்புறம் வழுக்குப்பாறை, பாம்பாட்டி சுனை. கைதட்டி சுனையில் தண்ணீர் சன்னமாக இருந்தது, ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப நான் நின்ற நேரத்தில் பின்னால் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஆண்டி சுனை ஆறாவது மலையில். ஏழாவது ஏறுவதற்கு முன்னால் அங்கே குளித்துவிட்டுப் போவது வழக்கம். அந்த நேரத்துக் குளிரில் முதல் சொம்பு ஊற்றும்போது வாயிலிருந்து ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது சிவ நாமம் இல்லை.

கையில் டிடிஎஸ் மீட்டர் வைத்திருந்தேன் (வீட்டில் ஆர்ஓ பார்க்க வாங்கியது). 40-க்குள் காட்டியது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் 1400. இதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும்?

லேப்சீனி
மார்ச் 5, காலை 8:15

இந்த மீட்டர் விஷயத்தை ஒரு தடவை தெளிவாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மாதம் ஒருவர் இதை வைத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சண்டை போடுகிறார்.

டிடிஎஸ் மீட்டர் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான். உப்பு கரைந்திருந்தால் எண் ஏறும். கிருமி அதற்குத் தெரியாது. ஆர்ஓ தண்ணீரில் ஒரு சொட்டு சாக்கடையை விட்டுக் கலக்குங்கள், மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. அதில் கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்பு, வேறு வழியில்லை என்றால் 2000 வரை போகலாம் என்று தளர்வு இருக்கிறது. ஆனால் ஈ.கோலைக்கு (மலத்திலிருந்து வருகிற கிருமி) தளர்வே கிடையாது. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

அதனால் சுனைத் தண்ணீர் ருசி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சுத்தம் என்று சொல்ல அந்த மீட்டர் போதாது.

வடவள்ளி வாத்தியார்
மார்ச் 5, மாலை 5:20

ருசி ஏன் என்று நான் சொல்கிறேன், புவியியல் வாத்தியாருக்கு இந்த மாதிரி வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

மேலே இருப்பது கெட்டியான பழைய பாறை. சுண்ணாம்புப் பாறை மாதிரி எளிதில் கரையாது. மழை பெய்ததும் உச்சிப் புல்வெளியும் மடிப்புகளில் இருக்கிற சோலைக்காடும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. அது மண்ணில் இறங்கி, பாறையின் மேல் பக்கம் சிதைந்து உதிர்ந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும் தேங்கி, எங்கே வெடிப்பு வெளியே வாய் திறக்கிறதோ அங்கே கசிகிறது. மண்ணுக்குள் அதிக காலம் கிடப்பதில்லை, கரைவதற்கு உப்பும் அதிகமில்லை. அதனால்தான் எண் 40. இதே மலைத்தொடரின் அந்தப் பக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற சிறுவாணி அணையிலிருந்து கோவைக்கு வருகிற தண்ணீரின் பெருமைக்கும் இதே காரணம்தான். கோவைக்காரன் சிறுவாணியைப் பற்றிப் பேசும்போது முகத்தைப் பாருங்கள், சொந்தத் தோட்டத்துத் தண்ணீர் மாதிரிப் பேசுவான்.

இன்னொன்று. நம் ஊரில் பாறைக் குழியில் நின்றால் எல்லாவற்றையும் சுனை என்றுதான் சொல்கிறோம். ஆனால் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ஊற்றுக்கண் உள்ளது. மற்றது மழைத் தண்ணீர் வெறுமனே தேங்கி நிற்பது. இரண்டையும் பிரித்தறிய உச்சி வெயிலில் கையை விட்டுப் பாருங்கள். ஊற்றுத் தண்ணீர் காலையில் எப்படியோ மதியமும் அப்படியே சில்லென்று இருக்கும், அது மண்ணுக்குள்ளிருந்து வருவதால் வெயில் அதைத் தொடுவதில்லை. தேங்கிய தண்ணீர் மதியம் வெதுவெதுப்பாகிவிடும், ஓரத்தில் பாசி படிந்திருக்கும். இந்த இரண்டாவது வகையை எக்காரணம் கொண்டும் வாயில் வைக்காதீர்கள்.

தடிக்கம்பு
மார்ச் 5, மாலை 6:02

வாத்தியாரே, கைதட்டி சுனையில் கை தட்டினால் தண்ணீர் வருகிறதே, அதற்கு என்ன பாறை?

வடவள்ளி வாத்தியார்
மார்ச் 5, மாலை 6:30

நானும் தட்டியிருக்கிறேன். தட்டிவிட்டுக் காத்திருந்தேன், வந்தது. தட்டாமலும் காத்திருந்தேன், அப்போதும் வந்தது. ஆனால் அந்த இடத்தில் நின்று தட்டாமல் வருவதற்கு எனக்கும் மனசு வரவில்லை. அடுத்த தடவையும் தட்டுவேன்.

பேரூர் அம்மணி
மார்ச் 6, காலை 11:10

மேட்டுவாசல் தம்பி, நான் நர்ஸ் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். தண்ணீர்ப் பஞ்சாயத்தை ஒரு பக்கம் வையுங்கள். அப்பா ஏறலாமா என்பதுதான் முதல் கேள்வி.

2024 சீசனில் மலையில் மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் பலர் இறந்தார்கள், அதில் வயசாளிகள் மட்டும் இல்லை. ஆறாவது மலையில் மயங்கி விழுந்தால் டோலி கட்டித்தான் தூக்கிவர வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இதயக் கோளாறு, ஆஸ்துமா, வயசு அறுபதைத் தாண்டியவர்கள் தவிர்ப்பது நல்லது என்று வனத்துறையே சொல்கிறது. டிரெட்மில் டெஸ்ட் ஒன்று எடுத்துப் பார்க்காமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம் அந்தப் பிரஷர் மாத்திரை. சில மாத்திரைகள் சிறுநீரைப் பிரிக்கும் வகை. அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறி வேர்த்து, கூடவே வயிற்றுப்போக்கும் வந்தால் ஆள் சீக்கிரம் வற்றிப் போவார். உங்கள் மனைவி பயப்படுவது சரிதான். என்ன மாத்திரை என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஓஆர்எஸ் பாக்கெட் நாலு கண்டிப்பாகப் பையில் இருக்க வேண்டும்.

பதிக்காரன்
மார்ச் 6, இரவு 8:45

நான் அடிவாரத்துப் பதி (பழங்குடிக் குடியிருப்பு) ஒன்றில் பிறந்தவன். இருளர். சீசனில் மலையில் சுமை தூக்கியிருக்கிறேன். இந்த இழையில் எல்லாரும் காட்டு மிருகத்தால் தண்ணீர் கெடும் என்று யோசிக்கிற மாதிரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பதிக்குத் தண்ணீர் வருவதே மேலே ஒரு ஊற்றிலிருந்து குழாய் போட்டுத்தான். வெயில் காலத்தில் ஆனை வந்து குழாயைப் பிடுங்கிவிடும். அதற்குக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுவது தெரியும், தும்பிக்கையை வைத்துக் கேட்கும், அப்புறம் ஒரே மிதி. காலையில் தண்ணீர் வரவில்லை என்றால் நாலு பேர் சைக்கிள் டியூப்பும் கத்தியும் எடுத்துக்கொண்டு மேலே போவோம். உடைந்த இடத்தைச் சைக்கிள் டியூப்பால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு வருவோம். நான் ஆறாவது படிக்கும்போதிருந்து இந்த வேலை செய்திருக்கிறேன்.

எங்கள் பாட்டி ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் செருப்போடு விடமாட்டாள். கையைக்கூட நேராக உள்ளே விடக்கூடாது. தேக்கு இலையைக் குவித்து வாய்க்காலாக வைத்து, அதில் வழிகிற தண்ணீரைத்தான் குடத்தில் பிடிக்க வேண்டும். கேட்டால் கன்னிமார் கோபிப்பார்கள் என்பாள்.

மலைச் சுனையில் நான் பார்த்தது வேறு. சித்ரா பௌர்ணமி சமயத்தில் மேலே இரண்டு ராத்திரி இருந்திருக்கிறேன். ஷாம்பு பாக்கெட், சோப்புத் துண்டு, கழற்றிப் போட்ட வேட்டி. சுனைக்கு மேல்பக்கம் ஒதுங்குகிறவர்களும் உண்டு. வெளிச்சம் இல்லை, அவசரம், யாரைக் குறை சொல்ல. ஆனால் மேல்பக்கம் ஒதுங்கினால் அது எங்கே வரும்?

லேப்சீனி
மார்ச் 6, இரவு 9:30

பதிக்காரன் தம்பி சொன்னதை எல்லாரும் இரண்டு தடவை படியுங்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை உங்கள் பாட்டி இலையை வைத்துச் சொல்லிவிட்டார்.

டைபாய்டு கிருமி மனித உடலில்தான் வாழும். ஆனையிடமிருந்தோ மானிடமிருந்தோ வராது. ஒரு சுனையில் டைபாய்டு இருந்தால் அதைக் கொண்டுபோனது நம்மில் ஒருவர்தான். மிருகத்தால் வருவது எலிக்காய்ச்சல், சில வயிற்றுப்போக்குக் கிருமிகள். அவையும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை.

அதோடு ஒரு கணக்கு. மலை திறந்திருப்பது பிப்ரவரியிலிருந்து மே வரை. ஊற்றில் வரத்து குறைந்துகொண்டே போவதும் அதே மாதங்கள்தான். சித்ரா பௌர்ணமி வருகிறபோது கோடை நடுவில் இருக்கும், தண்ணீர் சன்னமாகவும் கூட்டம் உச்சத்திலும் இருக்கும். அடைமழைக் காலத்தில் ஒரு சொம்பு அழுக்கு விழுந்தால் நூறு குடம் தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போய்விடும். ஏப்ரலில் அது அங்கேயே கிடக்கும். தடிக்கம்பு அண்ணன் 27 தடவை ஏறியது எந்த மாதத்தில்?

தடிக்கம்பு
மார்ச் 6, இரவு 9:52

சிவராத்திரிக்குத்தான் போவேன். பௌர்ணமிக் கூட்டம் எனக்கு ஒத்துவராது.

சரி, ஒத்துக்கொள்கிறேன். வழக்கமாக என்னுடன் வருகிற ஒரு நண்பன் ஒரு தடவை சித்திரையில் தனியாகப் போய்விட்டு வந்து டைபாய்டில் படுத்தான். அவன் அடிவாரத்தில் சாப்பிட்ட தயிர்சாதத்தால் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேட்டுவாசல்
மார்ச் 7, காலை 7:15

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் இழையைப் படித்துக் காட்டினேன். பதிக்காரன் எழுதியதை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். அவர் காலத்தில் ஆண்டி சுனைக்குப் போகும்போது கூட்டமாகப் பத்துப் பேர்தான் இருப்பார்களாம்.

காய்ச்சிக் குடிப்பதுதான் நல்லது என்று புரிகிறது. மேலே சின்ன ஸ்டவ் கொண்டுபோகலாமா?

நொய்யல்காரன்
மார்ச் 7, காலை 7:40

கூடவே கூடாது. காட்டில் நெருப்பு மூட்டுவது குற்றம், அதுவும் இது காட்டுத்தீ பிடிக்கிற காலம், புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. அடிவாரத்திலேயே பையைச் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக் கவர் எல்லாம் எடுத்துவிட்டுக் காகிதத்தில் மாற்றித் தருகிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவார்கள், பாட்டிலைத் திருப்பிக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். ஸ்டிக்கர் நனைந்து விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப்சீனி
மார்ச் 7, காலை 9:05

காய்ச்ச வழியில்லை என்றால் இரண்டு வழி.

குளோரின் மாத்திரை மலிவு. அட்டையில் போட்ட அளவுக்குத் தண்ணீர், குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். மலைத் தண்ணீர் சில்லென்று இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு ஒட்டுண்ணி, அது குளோரினுக்கு அசையாது, அது ஒரு குறை.

இன்னொன்று மலையேறுகிறவர்கள் வைத்திருக்கிற உள்ளீடற்ற இழை வடிகட்டி, துளை 0.1 மைக்ரான். பாக்டீரியாவும் ஒட்டுண்ணிகளும் நின்றுவிடும், வைரஸ் புகுந்துவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பெரும்பாலும் கவலையில்லை. வயசானவருக்கு நான் இரண்டும் செய்வேன்.

எடுக்கிற இடமும் முக்கியம். குழியில் முகக்காதீர்கள். பாறையிலிருந்து வெளியே வருகிற வாயிலேயே பிடியுங்கள். குளிப்பதாக இருந்தால் சொம்பில் எடுத்துக்கொண்டு சரிவில் கீழே தள்ளி வந்து குளியுங்கள், சோப்பு வேண்டவே வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் சந்தேகம் தீர ஹெச்2எஸ் குப்பி வாங்கி ஒரு மாதிரி போட்டுப் பாருங்கள். குறி வரைக்கும் தண்ணீர் ஊற்றி ஒரு நாள், இரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும். கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அழகர்மலைக்காரன்
மார்ச் 7, மதியம் 1:30

நடுவில் ஒரு வார்த்தை. எங்கள் நூபுர கங்கையும் ஊற்றுத் தண்ணீர்தான், ராக்காயி அம்மன் கோயிலில் வருசம் முழுக்க விழுகிறது. அழகருக்கு அபிஷேகம் அந்தத் தண்ணீரில்தான், வேறு தண்ணீர் பட்டால் மேனி கறுத்துவிடும் என்பார்கள். அங்கே போக மலை ஏழும் ஏற வேண்டாம், வண்டி போகிறது. அப்பாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மேட்டுவாசல்
மார்ச் 7, மதியம் 1:48

அவரிடம் சொன்னேன். "அது அழகர் தண்ணி, இது ஆண்டவன் தண்ணி" என்கிறார். நான் என்ன செய்ய.

திருப்பூர் பனியன்
மார்ச் 8, காலை 10:20

நொய்யல் ஆறு பிறப்பதே இந்த மலையில்தான் என்று யாரும் சொல்லவில்லையே. மேலே டிடிஎஸ் 40 என்று சண்டை போடுகிறீர்கள். எங்கள் ஊர் தாண்டும்போது அது என்ன நிறத்தில் ஓடியது என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போடுகிற அளவுக்குப் போனது. நான் முதல் தடவை மலை ஏறி அந்தச் சுனையைப் பார்த்தபோது, இதுதானா அது என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேட்டுவாசல்
ஏப்ரல் 2, இரவு 10:15

போய் வந்துவிட்டோம். நடந்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

டிரெட்மில் டெஸ்ட்டில் டாக்டர் பெரிதாக எதுவும் இல்லை என்றார், ஆனால் ஏழு மலை வேண்டாம், மூச்சு வாங்கினால் அங்கேயே திரும்பிவிட வேண்டும் என்று அப்பாவிடம் வாங்கிக்கொண்டார், சத்தியம் மாதிரி. மாத்திரையை மாற்றவில்லை.

கூட்டம் இல்லாத வார நாளாகப் பார்த்து, மூன்று பேராகப் போனோம், நான், அப்பா, என் மச்சான். முதல் மலைப் படியில் பத்துப் படிக்கு ஒரு தடவை அப்பா மூங்கில் தடியை ஊன்றி நின்றார். நான் பார்த்தால் மரத்தைப் பார்க்கிற மாதிரி நடிப்பார். வெள்ளை விநாயகர் வரைக்கும் வர மூன்று மணி நேரம். அங்கே அவரே உட்கார்ந்து, "நீ போய்ட்டு வா" என்றார். எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவார் என்று நினைக்கவில்லை.

மச்சானை அவருடன் விட்டுவிட்டு, மேலே போய்க்கொண்டிருந்த வேறு ஒரு குழுவோடு சேர்ந்து போனேன். ஆண்டி சுனையில் தண்ணீர் விழுகிற வாயில் பிடித்தேன். பதிக்காரன் சொன்ன இலை ஞாபகம் வந்தது. அங்கே தேக்கு இல்லை, ஏதோ ஒரு அகல இலை கிடைத்தது, குவித்து வைத்ததும் தண்ணீர் அழகாக அதில் ஓடி வந்து பாட்டிலில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு அவரும் அதே மாதிரி ஒரு இலை தேடினார். இரண்டு லிட்டர் பிடித்தேன்.

கீழே இறங்கி வந்து அப்பாவிடம் பாட்டிலைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மாத்திரை போட்டிருக்கிறாயா என்று கேட்டார். வடிகட்டி, மாத்திரையும் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றேன். ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்து, "குழாய்த் தண்ணி வாடை அடிக்குது" என்று மூடிவிட்டார்.

இன்னொரு பாட்டிலில் எதுவும் போடாமல் வைத்திருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பியில் ஊற்றினேன். மறுநாள் சாயங்காலம் கறுத்துவிட்டது.

லேப்சீனி
ஏப்ரல் 2, இரவு 10:40

கறுத்தது ஆச்சரியமில்லை. ஒரு மாதிரியை வைத்து முழுச் சுனைக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது, பாட்டில் சுத்தமாக இருந்ததா என்பதும் கேள்வி. ஆனால் மாத்திரை போட்டதற்கு வருத்தப்பட வேண்டாம். மிச்சத் தண்ணீரைக் காய்ச்சினால் குளோரின் வாடை போய்விடும், ஒரு நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும்.

மேட்டுவாசல்
ஏப்ரல் 3, காலை 6:30

காய்ச்சி ஆறவைத்துப் பித்தளைச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தேன். முழுசும் குடித்துவிட்டார். "சுனைத் தண்ணியக் காய்ச்சினா அது வெந்நீர்தானடா" என்றார். இருந்தாலும் பாட்டிலில் மிச்சம் இருப்பதை யாரையும் தொடவிடவில்லை, ஃபிரிட்ஜில் அவர் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

நொய்யல்காரன்
ஏப்ரல் 3, காலை 6:55

ஸ்டிக்கர் பணம் திரும்ப வாங்கினீர்களா?

மேட்டுவாசல்
ஏப்ரல் 3, காலை 7:02

ஒரு பாட்டிலுக்குத்தான். இன்னொன்றை அப்பா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.